நான்காவது படத்துப் பொட்டு

என் அக்கா வரையும் படங்களில் எதுவும் இருக்காது. குறையாகச் சொல்லவில்லை, அவளே அப்படித்தான் சொல்லுவாள். மரம் இருக்காது, மலை இருக்காது, மனுஷர்கள் இருக்க மாட்டார்கள். பச்சை இருக்கும், அந்தப் பச்சைக்கு மேல் இன்னொரு பச்சை இருக்கும். பார்ப்பவர் யாராவது "ஓ, தேயிலைக் காடா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. கேமரன் மலையில் பிறந்தவள் பச்சையைத் தொட்டால் அது தேயிலையாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். கேட்டவர் எப்போதோ போயிருப்பார். வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

நாங்கள் இருவரும் தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவர்கள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். அக்கா படித்து, தானா ராத்தாவில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனாள். அவள் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், எஸ்டேட் லோரி ஓட்டுகிறார். அதனால் அவர்களுக்கு இன்றும் அதே தோட்டத்தில்தான் வீடு. நான் வயோலா வாசிக்கிறவள். வயலினை விட ஒரு சுற்றுப் பெரியது, குரல் கொஞ்சம் கம்மியிருக்கும். பள்ளிக்கூடத்து இசைக்குழுவில் எல்லோரும் வயலினுக்குப் பாய்ந்தபோது மிஞ்சிக் கிடந்தது அதுதான். எனக்கு மிஞ்சியதே எனக்குப் பிடித்துப்போனது.

கோலாலம்பூரில், எங்கள் பேச்சில் கேஎல், நாங்கள் நான்கு பேர் ஒரு குழு வைத்திருக்கிறோம். இரண்டு வயலின், என் வயோலா, உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் செல்லோ ஒன்று. மைக் கிடையாது, முன்னால் நின்று கையசைக்கும் ஆள் கிடையாது. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, சின்ன அறையில் வாசிக்கிற இசை. அதிலும் இந்தக் காலத்தில் எழுதப்பட்டதை மட்டும்தான் வாசிப்போம். ஒவ்வொரு முறையும் மாமா என்னிடம் கேட்பார். "எல்லாம் சரி, அதுல பாட்டு எப்ப வரும்?" வராது என்று சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் அக்காவின் படங்கள் நான்கை கோலாலம்பூரில் ஒரு கூட்டுக் கண்காட்சியில் வைத்தார்கள். கழிவறைக்குப் போகும் நடையில் மாட்டியிருந்தார்கள். அன்று முழுக்க நான் அவளோடு நின்றேன். ஒரு மனுஷன் பச்சைப் படத்தின் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு போனில் பேசினான். ஓர் அம்மாள் நேராக அக்காவைப் பார்த்து வந்தார். அக்காவின் முகம் மலர்ந்தது. பெண்கள் கழிவறை இடது பக்கமா வலது பக்கமா என்று அந்த அம்மாள் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்தையே இரண்டாக்கியிருப்பேன். அக்கா சிரித்துக்கொண்டே இடது பக்கம் கையைக் காட்டினாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. மலைக்குத் திரும்பியதும் படங்களைப் பழைய போர்வையில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினாள். பிரஷ்களைக் கழுவிக் காயவைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். அதன் பிறகு டின்னைத் திறக்கவே இல்லை.

அடுத்த தீபாவளிக்குப் போனபோது அலமாரியை நகர்த்திப் போர்வையைப் பிரித்தேன். முதல் படம் பச்சை. இரண்டாவது மண்நிறம், கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்த வருஷம் வரைந்தது. மூன்றாவது சாம்பலில் சிவப்புக் கீறல்கள். நான்காவதில் இடது ஓரத்தில் கொஞ்சம் நீலம், மீதியெல்லாம் வெள்ளை. கூடத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு முறுக்குத் தின்றுகொண்டு பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் காதில் விழத் தொடங்கியது. சும்மா சொல்லவில்லை. அந்த இருட்டுப் பச்சைக்கு என் வயோலாவின் குரல் இருந்தது.

நான்கு படங்களுக்கும் நான்கு பாகமாக எழுதினேன். என்ன சுரம் என்பதை நான் எழுதியிருந்தேன். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் இழுப்பது, எங்கே நிறுத்துவது என்பதைப் படத்தை இடமிருந்து வலமாகப் பார்த்தே வாசிக்கவேண்டும். குழுவுக்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: படத்தில் இருப்பதையெல்லாம் வாசிக்கவேண்டும், இல்லாத எதையும் வாசிக்கக் கூடாது. நான்காவது படத்தின் வெள்ளையில் ஒன்றும் இல்லை, ஆகவே அங்கே ஒன்றும் வாசிக்கக் கூடாது. வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நால்வரும் மௌனமாக அந்த வெள்ளையைக் கடந்து முடிக்கவேண்டும். அது எவ்வளவு நேரம் என்று முதல் வயலின்காரரோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றேன். சபை எழுந்து போய்விடும் என்றார் அவர். போகட்டும் என்றேன் நான்.

ஒத்திகையில் பதிவு செய்ததை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணு செய்," என்றாள் முடிந்ததும். "கேஎல்ல வேணாம். அங்க யாருக்கும் நான் வேணாம், எனக்கும் அவங்க வேணாம். நம்ம தோட்டத்து மண்டபத்துல வை. நம்ம ஆளுங்க பார்க்கட்டும். அவங்களும் திரும்பிப் பார்க்கலேன்னா, நாலையும் கோழிக்கூண்டு அடைக்க வச்சிக்கிறேன். பிரஷ்ஷு டின்லயே கெடக்கட்டும்."

"பார்த்தாங்கன்னா?"

"பார்த்தா அப்ப பேசுவோம்லா."

அவள் சொன்னால் செய்கிறவள். அந்தக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நான் பிறகு போகவே இல்லை.

கோயில் கமிட்டி மண்டபத்தை ஆயுத பூஜை அன்று சாயங்காலம் தந்தது. காலையில் பூஜை, மத்தியானம் சாப்பாடு, அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நடுவில் இரண்டு சாமிப் பாட்டு, ஒரு சினிமாப் பாட்டு போட முடியுமா என்று தலைவர் மட்டும் விசாரித்தார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் குழு முதல் நாளே தாப்பா ரோட்டு வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு மலையேறி, தானா ராத்தாவில் தங்கியது. வாத்தியங்கள் எங்களோடு இருந்தன. படங்களை மாத்திரம் மாமா அன்றே லோரியில் ஏற்றி மண்டபத்து மேடையில் வைத்துவிட்டார். மறுநாள் லோரியைக் கழுவி மாலை போட்டுப் பூஜைக்கு நிறுத்தவேண்டுமே.

பூஜையன்று மத்தியானம் குழுவோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். கற்பூர வாசனை, அவித்த கடலை வாசனை. மேடைக்கு முன்னால் கொழுந்து வெட்டும் மெஷின்கள், இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துச் செடிக்கு மேல் நடத்துவார்களே அவை, கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், மேலே ஒரு துண்டுப் பூச்சரம். கத்திக்கும் மண்வெட்டிக்கும் அப்படியே. மண்டபத்துச் சமையல்கட்டுக் குழம்புச் சட்டியையும் விட்டுவைக்கவில்லை. சிரித்துக்கொண்டே மேடையைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றது.

நான்கு படங்களுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

மேலே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் கேன்வாஸ். அதன்மேல் நல்ல கெட்டிச் சந்தனம், கட்டைவிரல் அகலத்துக்கு, நடுவில் சிவக்கச் சிவக்கக் குங்குமம். பச்சையில் இங்கொன்று அங்கொன்று. மண்நிறத்தில் விளிம்போடு விளிம்பாக. சாம்பல் படத்தில் தாராளமாக. நான்காவது படத்தில் நான் மாதக்கணக்கில் சண்டை போட்டுக் காப்பாற்றிய வெள்ளையின் வலது கோடியில், ஒரே ஒரு பொட்டு.

நான் கத்திய கத்தலில் வெளியே லோரி டயருக்கு எலுமிச்சை வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கோயில் காரியம் எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்கிற பெரியம்மா ஒருவர் இருக்கிறார். லைனில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னா கண்ணு, ஏன் இப்படிக் கத்துற?"

"யாரு இதுல பொட்டு வச்சது?"

"நாந்தான். உங்க மாமாதான் சொன்னாரு, இதப் பார்த்துத்தான் வாசிப்பாங்களாம், இது இல்லேன்னா கச்சேரியே இல்லியாம். அப்ப இதும் தொழில் செய்ற சாமான்தானே? மெஷினுக்கு வச்சிட்டு இத மட்டும் வுட்டுட்டா சாமி குத்தமாயிடும்லா."

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணியை நனைத்து வரச் சொன்னேன். அது கறை விடும், தேய்த்தால் சாயம் சேர்ந்து வரும் என்று தெரிந்தும் சொன்னேன். அந்த நேரத்தில்தான் அக்கா உள்ளே வந்தாள்.

அவள் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று நின்று நடந்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நான் செய்த ஏற்பாடு, நான் பிடித்த அடம், கடைசியில் கோழிக்கூண்டுக்கு நாலு பலகை.

"பெரியம்மா, ஏன் இது ஓரத்துல இருக்கு?" அக்கா மண்நிறப் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அதுல நடுவுல வைக்க கை வர்ல கண்ணு. பார்க்கவே என்னமோ மாதிரி இருந்துச்சி. அதான் ஓரமா வச்சேன்."

"இந்தப் பச்சையில?"

"அந்த எளம்பச்சையில வச்சா எடுப்பா இல்ல. இருட்டா இருக்கிற எடமா தேடி வச்சேன். ஏன், சரியா வைக்கலியா?"

"இதுல ஏன் ஒண்ணே ஒண்ணு?"

"இது ஒண்ணுமே இல்லாம வெறிச்சின்னு கெடந்துச்சி. வெறும் நெத்தியா வுடக் கூடாதுல்ல. ரொம்ப வச்சாலும் நல்லா இருக்காது. ஒண்ணு போதும்னு தோணுச்சி."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்தக் கண்காட்சிக்குப் பிறகு நான் பார்க்காதது.

"உன் ரூல் என்னா?"

"எந்த ரூல்?"

"படத்துல இருக்கிறதெல்லாம் வாசிக்கணும்னு சொன்னியே. வாசிங்க."

முதல் வயலின்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த வெள்ளையைப் பழக மாதக்கணக்காயிற்று, இப்போது அதில் ஒரு புள்ளியா என்று ஆங்கிலத்தில் புலம்பினார். செல்லோ வாசிக்கும் சீனப் பெண்மணிதான் கைகொட்டிச் சிரித்தார். அவர் அப்பா கடை வைத்திருந்தவராம். தராசுக்கு முன்னால் தினமும் ஊதுபத்தி ஏற்றுவாராம். "பொட்டுக்கு என்ன சத்தம்? அதைச் சொல்லு முதலில்" என்று என்னைக் கேட்டார்.

பேசிப் பேசி முடிவு செய்தோம். சந்தனத்துக்கு என் வயோலாவின் அடித் தந்தி, ஒரே இழுப்பு. குங்குமத்துக்கு நால்வரும் ஒரே நேரத்தில் தந்தியை ஒரு சுண்டு. ஒத்திகை பார்த்ததில் எல்லோரும் ஆளுக்கொரு இடத்தில் சுண்டினோம். பழகாத பொட்டுகள், யார் கண் எந்தப் பொட்டில் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரியவில்லை. யாராவது படத்தின் மேல் காட்டிக்கொண்டே போனால்தான் ஆகும் என்றார் செல்லோக்காரர். நாங்கள் யாரும் அக்காவைக் கேட்கவில்லை. அவளே பையைத் திறந்து பள்ளிக்கூடத்து ரோத்தானை எடுத்தாள். பிரம்பை வாத்தியார்கள் எங்கே போனாலும் கொண்டு போவார்களா என்று எனக்குத் தெரியாது, என் அக்கா கொண்டு போவாள்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. பொட்டலத்தில் பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மெஷின் பிடிக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிகள் பின்சுவர் ஓரமாக நின்றார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணி ஒருவர் முன்வரிசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படங்களை எங்களுக்கும் சபைக்கும் தெரியும்படி மேடையின் ஓரத்தில் சாய்த்து வைத்தோம். அக்கா ரோத்தானோடு பச்சைக்குப் பக்கத்தில் போய் நின்றதும் முன்னால் இருந்த பள்ளிப் பிள்ளைகள் தானாக முதுகை நிமிர்த்தினார்கள்.

தொடங்கினோம். பச்சை அடியில் இருந்து மெல்ல மெல்லக் கிளம்பும், நால்வரும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் உரசிக்கொண்டே போவோம். "இன்னும் சுதிதான் சேர்க்கிறாங்க" என்று யாரோ பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு குழந்தை வீட்டுக்குப் போகலாம் என்றது. ரோத்தான் நகர்ந்தது, இருட்டுப் பச்சையின் முடிவில் சந்தனத்தைத் தொட்டது. என் அடித் தந்தி முழங்கியது. நடுக் குங்குமத்துக்கு வந்தது. நால்வரும் சுண்டினோம்.

"பொட்டு!" என்று கத்தினாள் ஒரு சின்னப் பெண்.

மண்டபத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்த பொட்டுக்கு ரோத்தான் போகும்போது தலைகள் எல்லாம் கூடவே திரும்பின. அதற்கு அடுத்ததுக்கு, பொரியைக் கையில் வைத்தபடி மறந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டைப் பார்க்கவேண்டுமென்றால் பொட்டுக்குப் போகும் வழியைப் பார்த்தாகவேண்டும். வழியெல்லாம் என் அக்காவின் பச்சை. அவள் நாள்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துப் போட்ட பச்சையை ஒரு மண்டபம் முழுக்க அங்குலம் அங்குலமாகப் பார்த்தது.

மண்நிறப் படத்தில் பொட்டு விளிம்பில் மட்டும்தான். நடுவில் நீண்ட தூரத்துக்கு ஒன்றும் இல்லை, செல்லோவின் அடிக்குரல் மட்டும் வழுக்கி வழுக்கி இறங்கும். இங்கே விட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். யாரும் விடவில்லை. பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒருவர், "அந்த மண்ணு," என்று மெல்லச் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. படத்தில் எதையாவது பார்த்தேன் என்று சொன்னாலே எரிந்து விழும் அக்காவின் கையில் ரோத்தான் ஒரு கணம் நின்றது. அவள் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு மேலே போனாள்.

சாம்பல் படத்தில் பெரியம்மா தாராளமாக வைத்திருந்த பொட்டுகளுக்குப் பிள்ளைகளும் எங்களோடு காற்றில் சுண்டினார்கள். கோட்டுப் போட்ட கிராணியும் சுண்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு நான்காவது படம். நீலம் சீக்கிரம் முடிந்தது. வில்லைத் தூக்கினோம். ரோத்தான் வெள்ளைக்குள் நுழைந்தது.

நான் பெரிய அரங்குகளில் மௌனத்தைக் கேட்டிருக்கிறேன். அங்கே டிக்கெட் வாங்கியவர்கள் மரியாதைக்கு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எப்போது இருமலாம் என்று காத்திருப்பார்கள். இது அதில்லை. கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோர் கண்ணும் அந்தப் பிரம்பு நுனியில் இருந்தது. வெள்ளையில் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றும் இல்லாததை அத்தனை பேரும் சேர்ந்து பார்த்தார்கள். தகரக் கூரையில் பனி சொட்டுவது கேட்டது. கீழே ரோட்டில் எங்கேயோ ஒரு லோரி கியர் மாற்றியது. யாரும் இருமவில்லை. நான் எழுதிய எந்த மௌனமும் இத்தனை நீளம் இல்லை. அதை இழுத்துக்கொண்டிருந்தது என் அக்கா.

சந்தனத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் நிறுத்தினாள். எங்களைப் பார்க்கவில்லை. சபையைப் பார்த்தாள், நிதானமாக, முன்வரிசையில் இருந்து பின்சுவர் வரைக்கும். அத்தனை பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் கையை நகர்த்தினாள்.

என் தந்தி முழங்கியது. குங்குமம். நால்வரும் ஒரே சுண்டு. எங்கள் குழு தொடங்கிய நாளில் இருந்து அவ்வளவு சேர்ந்து நாங்கள் சுண்டியதே இல்லை.

மண்டபம் வெடித்தது. பூஜையில் பூசணிக்காய் உடைத்தால் எழும்புமே, அந்தச் சத்தம். விசில் பறந்தது. காலையில் சாமிக்கு வாசித்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்த உறுமி மேளப் பையன்கள் பொறுக்க முடியாமல் எடுத்து அடித்தார்கள். முதல் வயலின்காரர் எழுந்து நின்று வில்லை ஆட்டினார், அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. நான் வயோலாவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வெட்கம் கிட்டம் ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டோம், அவ்வளவுதான்.

மாமா மேடையேறி வந்தார். "கடைசியா ஒண்ணு வந்துச்சி பாரு. அதுதானே பாட்டு?"

"அதுதான் மாமா," என்றேன்.

படங்களைச் சுற்றி ஒரே கூட்டம். யார் எந்தப் பொட்டை முதலில் பார்த்தது என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். பெரியம்மா நான்காவது படத்துக்கு முன்னால் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம், "இது நான் வச்சது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். ரோத்தானை இன்னும் கீழே வைக்கவில்லை.

"பெரியம்மா, அடுத்த ஆயுத பூஜைக்குப் புதுசா நாலு வரையிறேன். உங்களுக்குப் பொட்டு வைக்க எடம் விட்டு வரையிறேன்."

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடமெல்லாம் நீ வுட வேணாம்லா. நீ வரைஞ்சி கொண்டா. எங்க வைக்கிறதுன்னு நாங்க பார்த்துக்கிறோம்."